ஒளிர்வால் வேதிப்பொருளைக் கண்டறிதல்: ஃப்ரெட் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு மூலக்கூறிலிருந்து பக்கத்து மூலக்கூறுக்கு ஆற்றல் தாவுவதை வைத்து உலோக அயனி, சர்க்கரை, நொதி, டி.என்.ஏ. என்று பலவற்றையும் கண்டறிகிறார்கள். ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களும் வேறு துறையிலிருந்து இதற்குள் வருபவர்களும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன். முடிந்தால் வரிசையாக வாசியுங்கள். பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதை மறுபடி விளக்கவில்லை.

ஃப்ரெட், ஃப்ரெட்னு சொல்றாங்களே, அது என்ன? சுருக்கமா சொல்ல முடியுமா?

சில மூலக்கூறுகள் ஒரு நிறத்து ஒளியை உறிஞ்சி, சில நானோவினாடிகளில் அதைவிட நீண்ட அலைநீளத்தில் வேறு நிற ஒளியாக உமிழும். இதுதான் ஃப்ளோரசன்ஸ்; இந்தப் பக்கத்தில் ஒளிர்வு என்று சொல்கிறேன். ஒளியை உறிஞ்சிக் கிளர்ந்த மூலக்கூறுக்கு மிக அருகில், பொருத்தமான இன்னொரு மூலக்கூறு இருந்தால், முதலாவது ஒளிராமலேயே தன் ஆற்றலை இரண்டாவதற்குக் கொடுத்துவிடலாம். அப்போது இரண்டாவது தன் நிறத்தில் ஒளிரும். இந்த ஆற்றல் தாவல்தான் ஃப்ரெட். கொடுப்பதை வழங்கி என்றும் வாங்குவதை ஏற்பி என்றும் சொல்வோம். ஆய்வகப் பேச்சில் டோனர், அக்செப்டர்.

இதற்கான முழுக் கோட்பாட்டை 1940-களின் பிற்பகுதியில் எழுதியவர் ஜெர்மானிய அறிவியலாளர் தியோடர் ஃபர்ஸ்டர். ஃப்ரெட் (FRET, Förster resonance energy transfer) என்ற சுருக்கப் பெயரின் முதல் எழுத்து அவர் பெயரிலிருந்து வந்ததுதான். தாவரங்கள் இதைக் காலங்காலமாகச் செய்துவருகின்றன. இலைக்குள் குளோரோஃபில் மூலக்கூறுகள் சூரிய ஆற்றலை ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கடத்தி வினை மையத்தில் சேர்ப்பதும் இதே வகை ஆற்றல் தாவல்தான்.

அதாவது வழங்கி ஒளியை விடுது, ஏற்பி அதை உறிஞ்சுது. அவ்வளவுதானே?

இல்லை. இந்த ஒரு தவறான படம் மனத்தில் பதிந்துவிட்டால் பின்னால் எல்லாமே குழம்பும். ஃப்ரெட்டில் இடையில் ஃபோட்டானே கிடையாது. வழங்கி உமிழ்ந்து, அந்த ஒளி பயணம் செய்து, ஏற்பி அதைப் பிடித்தால் அது மறு உறிஞ்சல். அதுவும் நடக்கும், ஆனால் வேறு நிகழ்வு. அதைப் பற்றிக் கீழே தனியாகவே பேச வேண்டியிருக்கிறது.

கிளர்ந்த வழங்கியில் எலக்ட்ரான் மேகம் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஊசலாடும் இருமுனை போல நடந்துகொள்கிறது. அதே அதிர்வெண்ணுக்கு இசையும் ஏற்பி அருகில் இருந்தால், இரண்டின் மின்புலங்களும் நேரடியாகப் பிணைகின்றன. பள்ளியில் இரண்டு இசைக்கவைகளை வைத்துச் செய்து காட்டுவார்களே: ஒன்றைத் தட்டினால் தொடாமலே மற்றதும் அதிரும். அந்த ஒத்ததிர்வுதான் இங்கேயும். ஏற்பி அதிரத் தொடங்கும் அந்தக் கணத்தில் வழங்கி அடிநிலைக்கு இறங்கிவிடுகிறது.

இதன் விளைவு ஒன்றை நினைவில் வையுங்கள். ஆற்றலை இழக்க வழங்கிக்குக் கூடுதலாக ஒரு வழி கிடைத்திருப்பதால், அது கிளர்வு நிலையில் தங்கும் சராசரி நேரமே குறைகிறது. வெறும் மறு உறிஞ்சலில் அது குறையாது. வழங்கியைவிட்டு வெளியேறிய ஒளிக்குப் பிறகு என்ன ஆனது என்று வழங்கிக்குத் தெரிய வழியில்லை.

எந்த இரண்டு சாயத்தை எடுத்தாலும் இது நடக்குமா?

நடக்காது. வழங்கியின் உமிழ்வு நிறமாலையும் ஏற்பியின் உறிஞ்சல் நிறமாலையும் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். வழங்கி நன்றாக ஒளிரக்கூடியதாக இருக்க வேண்டும். ஏற்பி வலுவாக உறிஞ்ச வேண்டும். இரண்டின் இருமுனைகளும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்று ஆற்றல் தாவலையே தடுத்துவிடாத நிலையில் இருக்க வேண்டும். இவற்றோடு கரைசலின் ஒளிவிலகல் எண்ணையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஒவ்வொரு இணைக்கும் ஒரு தூரம் கிடைக்கும். அதுதான் ஃபர்ஸ்டர் தூரம். அந்தத் தூரத்தில் இருந்தால் கிளர்ந்த வழங்கிகளில் சரிபாதி தங்கள் ஆற்றலை ஏற்பிக்குக் கொடுக்கும். பெரும்பாலான சாய இணைகளுக்கு இது 2 முதல் 6 நானோமீட்டர் வரை. உயிரணு ஆய்வில் அதிகம் பயன்படும் சயான், மஞ்சள் ஒளிர்புரத இணைக்குச் சுமார் 5 நானோமீட்டர்.

எல்லாரும் "ஆறாவது அடுக்கு, ஆறாவது அடுக்கு"ங்கறாங்க. அதுல என்ன அவ்வளவு விசேஷம்?

ஆற்றல் தாவும் வீதம் தூரத்தின் ஆறாவது அடுக்குக்கு எதிர்விகிதத்தில் இருக்கிறது. எண்களைப் போட்டுப் பார்த்தால்தான் இதன் வீரியம் தெரியும். ஃபர்ஸ்டர் தூரத்தில் தாவல் திறன் 50 சதவீதம். தூரம் அதில் 0.8 மடங்கானால் 79 சதவீதம், 1.2 மடங்கானால் 25 சதவீதம். பாதித் தூரத்தில் 98 சதவீதத்துக்கும் மேல். இரண்டு மடங்கில் ஒன்றரை சதவீதம்தான். ஃபர்ஸ்டர் தூரம் 5 நானோமீட்டர் உள்ள ஒரு இணையில், 4-லிருந்து 6 நானோமீட்டருக்கு நகர்ந்தாலே திறன் 79-லிருந்து 25-க்கு விழுகிறது. ஒரு புரதம் மடங்கி விரியும்போது ஏற்படும் அசைவும் ஏறக்குறைய இந்த அளவுதான்.

ஃபர்ஸ்டரின் கணக்கு சரிதானா என்று அழகாகச் சோதித்தவர்கள் லூபர்ட் ஸ்டிரையரும் ரிச்சர்ட் ஹாக்லண்டும். 1967-இல் புரோலின் அமினோ அமிலங்களைக் கோத்து, விறைப்பான கோல் போன்ற சிறு சங்கிலிகள் செய்தார்கள். ஒரு முனையில் வழங்கி, மறுமுனையில் ஏற்பி. சங்கிலியின் நீளத்தை மாற்றி 1.2 முதல் 4.6 நானோமீட்டர் வரை அளந்தார்கள். கிடைத்த அடுக்கு 5.9, பிழை எல்லை 0.3. ஒளியை வைத்து நானோமீட்டரில் தூரம் அளக்கலாம் என்ற நம்பிக்கை அந்த வேலைக்குப் பிறகுதான் வேரூன்றியது.

சரி, தூரம் அளக்கலாம். எனக்கு வேண்டியது ஒரு வேதிப்பொருளைக் கண்டுபிடிக்கிறது. அது எப்படி?

இந்தக் கேள்விதான் மொத்த விஷயத்துக்கும் மையம். ஃப்ரெட் உணரி எதுவும் வேதிப்பொருளை நேரடியாகப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வழங்கிக்கும் ஏற்பிக்கும் இடையிலான தூரத்தை, அல்லது அவற்றின் நிறமாலைகள் எவ்வளவு படிகின்றன என்பதை. வேதிப்பொருள் வந்தால் இந்த இரண்டில் ஒன்று மாறும்படி மூலக்கூறை வடிவமைப்பதுதான் நம் வேலை. மற்றதெல்லாம் அந்த மாற்றத்திலிருந்து நாம் ஊகிப்பது.

தூரத்தை மாற்றும் வழிக்கு நல்ல உதாரணம் கேமலியான் என்ற கால்சியம் உணரி. 1997-இல் அத்சுஷி மியாவாக்கி, ரோஜர் சியன் குழுவினர் உருவாக்கியது. இரு முனைகளிலும் வெவ்வேறு நிற ஒளிர்புரதங்கள். நடுவில் கால்மோடுலின் என்ற புரதமும், அது கால்சியத்தைப் பிடித்தபின் போய்ச் சுற்றிக்கொள்ளும் ஒரு சிறு பெப்டைடும். கால்சியம் வந்தால் நடுப்பகுதி சுருண்டு இரண்டு ஒளிர்புரதங்களுக்கும் இடையிலான அமைப்பு மாறுகிறது, ஃப்ரெட் கூடுகிறது. எல்லாமே புரதம் என்பதால் உயிரணுவே இதைத் தயாரித்துக்கொள்ளும், நாம் மரபணுவைக் கொடுத்தால் போதும். ஒளிர்புரத ஆய்வுக்காக ஒசாமு ஷிமோமுரா, மார்ட்டின் சால்ஃபி ஆகியோருடன் சியன் 2008-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்றார். தூரத்தை மாற்ற இன்னொரு எளிய வழி அறுத்துவிடுவது. வழங்கியையும் ஏற்பியையும் ஒரு சிறு பெப்டைடால் இணைத்து வைக்கிறோம். அதை வெட்டும் நொதி கரைசலில் இருந்தால் இரண்டும் பிரிந்து போய்விடும், வழங்கி பளிச்சென்று ஒளிரும். 1990-இல் எச்.ஐ.வி. புரோட்டியேஸ் நொதியை அளக்க இப்படித்தான் செய்தார்கள்.

நிறமாலைப் படிவை மாற்றும் வழிக்குப் பாதரச அயனி உணரிகள் உதாரணம். ரோடமைன் சாயத்தில் ஒரு வளையம் மூடியிருந்தால் அது நிறமற்றது. சுமார் 550 நானோமீட்டரில் எதையும் உறிஞ்சாது. பக்கத்திலேயே கூமரின் போன்ற ஒரு வழங்கியைக் கட்டிவைத்தாலும் வாங்க ஆளில்லாததால் அது தன் நிறத்திலேயே ஒளிரும். பாதரச அயனி வந்து வளையத்தைத் திறந்துவிட்டால் ரோடமைன் சிவந்து உறிஞ்சத் தொடங்கும். தூரம் மாறவில்லை, ஆனால் ஆற்றல் தாவத் தொடங்கிவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த வடிவமைப்பு இது, ஏனென்றால் தொடக்க நிலையில் ஃப்ரெட் ஏறக்குறைய சுத்தமாக இல்லை.

ஒரே சாயத்தை வச்சு, ஒளி கூடுதா குறையுதான்னு பார்த்தா போதாதா? எதுக்கு ரெண்டு?

பல வேலைகளுக்குப் போதும். ஆனால் ஒரே நிறத்தின் செறிவை மட்டும் பார்க்கும்போது விளக்கு கொஞ்சம் மங்கினாலும், சாயம் வெளுத்தாலும், உயிரணுவின் ஒரு பகுதியில் சாயம் குறைவாகப் போயிருந்தாலும் அதே "மாற்றம்" தெரியும். எது வேதிப்பொருளால் வந்தது, எது வராதது என்று பிரிக்க வழி இருக்காது.

ஃப்ரெட்டில் வழங்கியின் நிறம் இறங்கும்போது ஏற்பியின் நிறம் ஏறும். இரண்டையும் வகுத்து விகிதமாகப் பார்த்தால் விளக்கின் ஏற்ற இறக்கம், உணரியின் அளவு போன்ற பொதுவான காரணங்கள் அடிபட்டுப் போகும். இங்கே ஒரு எச்சரிக்கை: விகிதம் எல்லாவற்றையும் சரிசெய்துவிடாது. ஏற்பி மட்டும் வேகமாக வெளுத்தால் விகிதமும் சேர்ந்து பொய் சொல்லும்.

ஏற்பி கண்டிப்பா ஒளிரணுமா?

வேண்டியதில்லை. உறிஞ்சினால் போதும். வாங்கிய ஆற்றலை வெப்பமாகவே விட்டுவிடும் ஏற்பிகளைக் குவென்ச்சர் என்கிறோம். டப்சில் போன்ற சாயங்கள் இந்த வகை. மேலே சொன்ன எச்.ஐ.வி. நொதிச் சோதனையில் ஏற்பியாக இருந்தது டப்சில்தான். கோவிட் காலத்தில் உலகம் முழுக்க நடந்த ஆர்.டி.-பி.சி.ஆர். சோதனைகளில் பெரும்பகுதி இதே உத்தியில் ஓடியது. ஒரு சிறு டி.என்.ஏ. இழையின் ஒரு முனையில் ஒளிரும் சாயமும் மறுமுனையில் குவென்ச்சரும் இருக்கும். வைரஸின் மரபணுத் துண்டு இருந்தால் அந்த இழை அதில் போய் ஒட்டும். நகலெடுக்கும் நொதி அதை வெட்டிக்கொண்டே போகும். சாயம் விடுபட்டு ஒளிரும்.

ஆனால் குவென்ச்சர் வைத்தால் ஒரே ஒரு நிறம்தான் மிஞ்சும், முந்தைய பதிலில் சொன்ன விகித வசதி போய்விடும். அதனால்தான் பி.சி.ஆர். கருவிகளில் ஒப்பீட்டுக்கென்று தனியாக இன்னொரு சாயத்தைச் சேர்ப்பதுண்டு.

மாலிக்யூலர் பீக்கனும் ஃப்ரெட்தானா?

பெரும்பாலும் இல்லை. 1996-இல் சஞ்சய் தியாகியும் ஃபிரெட் கிரேமரும் உருவாக்கிய இந்தக் கொண்டை ஊசி வடிவ டி.என்.ஏ., தேடும் இழை வந்து ஒட்டினால் திறந்து ஒளிரும். மூடிய நிலையில் சாயமும் குவென்ச்சரும் கிட்டத்தட்ட ஒட்டியே இருக்கின்றன. அவ்வளவு நெருக்கத்தில் அவை ஒன்றோடொன்று சேர்ந்து புதிய இணையாகவே மாறி ஒளிர்வை இழக்கின்றன. இதைத் தொடு அணைப்பு என்பார்கள். ஃபர்ஸ்டர் கணக்கு இங்கே பொருந்தாது, நிறமாலைப் படிவு சரியில்லாத இணைகள்கூட வேலை செய்வதற்குக் காரணம் அதுதான்.

குவாண்டம் புள்ளி, தங்க நானோ துகள் எல்லாம் எதுக்கு? சாதாரணச் சாயமே போதாதா?

குவாண்டம் புள்ளி, அதாவது சில நானோமீட்டர் அளவுள்ள குறைக்கடத்திப் படிகம், நல்ல வழங்கி. பரந்த அலைநீளப் பரப்பில் உறிஞ்சும், குறுகலாக உமிழும், எளிதில் வெளுக்காது. ஏற்பி உறிஞ்சாத அலைநீளமாகப் பார்த்துக் கிளர்த்த முடிவது பெரிய வசதி. ஒரே புள்ளியைச் சுற்றிப் பல ஏற்பிகளை ஒட்டவும் முடியும். குறை அதன் பருமன்: மேலே பூசிய அடுக்கையும் சேர்த்தால் மையத்திலிருந்து ஏற்பிக்கான தூரமே ஃபர்ஸ்டர் தூரத்தை நெருங்கிவிடும். குவாண்டம் புள்ளியை ஏற்பியாக வைப்பது சாயங்களோடு பெரும்பாலும் கைகொடுப்பதில்லை. வழங்கிக்காகப் போடும் ஒளியை அதுவே வாரி உறிஞ்சிவிடும்.

தங்கத் துகளும் கிராஃபீன் ஆக்சைடும் வலுவான குவென்ச்சர்கள். அவற்றின் பரப்புக்குத் தாவும் ஆற்றல் தூரத்தின் நான்காம் அடுக்கை ஒட்டிக் குறைவதால் 10 நானோமீட்டருக்கு அப்பாலும் எட்டும். ஆறாம் அடுக்குச் சூத்திரத்தை அங்கே போட்டுத் தூரம் கணக்கிடாதீர்கள்.

எவ்வளவு குறைஞ்ச அளவு வரைக்கும் கண்டுபிடிக்கலாம்? கட்டுரைகள்ல நானோமோலார், பிக்கோமோலார்னு போடறாங்களே?

அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது ஃப்ரெட் அல்ல, பிடிக்கும் பகுதி. மீளக்கூடிய பிணைப்பு என்றால் பிரிகை மாறிலியை, அதாவது உணரிகளில் பாதி நிரம்பும் செறிவை, பாருங்கள். செறிவு அந்த மாறிலியில் பத்தில் ஒரு பங்காக இருக்கும்போது உணரிகளில் 9 சதவீதம் நிரம்பியிருக்கும். பத்து மடங்காகும்போது 91 சதவீதம். நம்பிப் பயன்படுத்தக்கூடிய பரப்பு ஏறக்குறைய இந்த நூறு மடங்குதான். அதற்குக் கீழே சமிக்ஞை இரைச்சலில் மூழ்கும், மேலே போனால் வரைகோடு படுத்துவிடும். உயிரணுவின் உள்ளே ஓய்வு நிலையில் கால்சியம் சுமார் 100 நானோமோலார், வெளியே 1 மில்லிமோலாருக்கு மேல். இரண்டையும் ஒரே உணரியால் அளக்க முடியாது. கேமலியானில் கால்மோடுலினை மாற்றியமைத்துப் பல பதிப்புகள் செய்ததற்குக் காரணம் இதுதான்.

கட்டுரையில் கண்டறியும் எல்லையைப் பார்த்தால், அது வெற்று மாதிரியின் இரைச்சலை மூன்றால் பெருக்கி, வரைகோட்டின் சாய்வால் வகுத்துக் கிடைத்த எண்ணா, உண்மையில் அந்தச் செறிவை வைத்து அளந்து காட்டினார்களா என்று பாருங்கள். முதலாவது ஒரு மதிப்பீடு மட்டுமே. அப்புறம், தேவை என்ன என்பதையும் பாருங்கள். குடிநீரில் கனிமப் பாதரசத்துக்கு உலகச் சுகாதார அமைப்பு வைத்திருக்கும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 6 மைக்ரோகிராம், அதாவது சுமார் 30 நானோமோலார். 5 மைக்ரோமோலாரில்தான் பதில் சொல்லும் உணரி எவ்வளவு அழகாக நிறம் மாறினாலும் அந்த வேலைக்கு உதவாது.

அந்த ஒரு அயனிக்கு மட்டும்தான் பதில் சொல்லுதுன்னு எப்படி நம்புறது?

ஆற்றல் தாவலுக்கு எந்த அயனி வந்தது என்று தெரியாது. தேர்ந்தெடுக்கும் திறன் முழுக்கப் பிடிக்கும் பகுதியைச் சார்ந்தது. போட்டி அயனிகளைத் தனித்தனியாகச் சேர்த்து "இவற்றுக்குப் பதில் இல்லை" என்று காட்டுவது பாதிச் சோதனைதான். அவை எல்லாம் சேர்ந்திருக்கும்போதும் வேண்டிய அயனிக்கு அதே அளவு பதில் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

பலர் மறக்கும் எதிரி ஒன்று உண்டு: அமிலத்தன்மை. ரோடமைன் வளையம் அமிலத்தில் தானாகவே திறக்கும். ஃப்ளோரசீன் சாயத்தின் ஒளிர்வு பி.எச். 6.4-ஐ ஒட்டிச் சட்டென்று மாறும். தொடக்ககால மஞ்சள் ஒளிர்புரதங்கள் பி.எச்.சுக்கும் குளோரைடுக்கும் அசைந்துகொடுத்தன. உலோக உப்பைச் சேர்க்கும்போதே கரைசல் சற்று அமிலமாகிவிடுவதும் நடக்கும். தாங்கல் கரைசல் இல்லாமல் எடுத்த தேர்வுத்திறன் படத்தை நான் நம்புவதில்லை.

வழங்கியோட ஒளி குறைஞ்சிருக்கு, நிறமாலையும் படியுது. ஃப்ரெட்டுன்னு எழுதிடலாமா?

எழுதாதீர்கள். இந்த ஒரு இடத்தில்தான் மிக அதிகமான தவறான முடிவுகள் பிறக்கின்றன. ஒளி குறைய வேறு காரணங்கள் நிறைய. முதல் சந்தேகம், கரைசலில் சேர்த்த பொருளே கிளர்த்தும் ஒளியையோ உமிழும் ஒளியையோ உறிஞ்சிக்கொள்ளும் இன்னர் ஃபில்டர் விளைவு. கிளர்த்தும் அலைநீளத்தில் உறிஞ்சல் அளவு 0.1 மட்டுமே இருந்தாலும், வழக்கமான குவெட்டில் (கரைசலை வைத்து அளக்கும் சிறு சதுரக் குப்பி) சுமார் 11 சதவீத ஒளி காணாமல் போகும். இரண்டு அலைநீளங்களிலும் உறிஞ்சலை அளந்து கூட்டி, அதில் பாதியைப் பத்தின் அடுக்காகப் போட்டுப் பெருக்கினால் தோராயமாகத் திருத்தலாம். அதைவிட நல்லது நீர்த்த கரைசலில் வேலை செய்வது. இன்னொரு சந்தேகம் எலக்ட்ரான் தாவல். ஆற்றலுக்குப் பதில் எலக்ட்ரானே இடம் மாறினாலும் வழங்கி அணையும், அதற்கு நிறமாலைப் படிவு தேவையே இல்லை. 1 நானோமீட்டர் நெருக்கத்தில் எலக்ட்ரான்களைப் பரிமாறிக்கொள்ளும் டெக்ஸ்டர் வகைத் தாவலும் உண்டு. வழங்கியும் ஏற்பியும் இரட்டைப் பிணைப்புத் தொடரால் இணைந்திருந்தால் பிணைப்பின் வழியாகவே ஆற்றல் போகலாம்.

ஒரு சின்னக் கணக்கு எப்போதும் உதவும். 1 மில்லிமோலார் கரைசலில் மூலக்கூறுகளுக்கு இடையே சராசரி இடைவெளி சுமார் 12 நானோமீட்டர். 1 மைக்ரோமோலாரில் சுமார் 120 நானோமீட்டர். ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு சாயங்களை மைக்ரோமோலார் அளவில் கலந்துவிட்டு, ஒளி குறைந்தது, அதனால் ஃப்ரெட் என்றால் ஆறாவது அடுக்கு ஒத்துக்கொள்ளாது. அவை பிணைகின்றன என்று முதலில் காட்ட வேண்டும்.

சரி, எப்படி நிரூபிப்பது? வழங்கியின் கிளர்வு ஆயுளை, அதாவது அது கிளர்வு நிலையில் தங்கும் சராசரி நேரத்தை, அளவிடுங்கள். இன்னர் ஃபில்டரில் அது மாறாது, ஃப்ரெட்டில் குறையும். ஆனால் எலக்ட்ரான் தாவலிலும் குறையும் என்பதால் இது மட்டும் போதாது. ஏற்பியின் உமிழ்வைக் கண்காணித்தபடி கிளர்த்தும் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே போங்கள். அந்தக் கிளர்வு நிறமாலையில் வழங்கியின் உறிஞ்சல் பட்டையும் தெரிந்தால், வழங்கி வாங்கிய ஆற்றல் ஏற்பிக்கு வந்து சேர்கிறது. நீர்த்த கரைசலில் இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் நான் ஒத்துக்கொள்வேன்.

ஏற்பியோட ஒளி கூடுது. இப்பவாவது உறுதிதானே?

இன்னும் இல்லை. ஏற்பியின் அலைநீளத்தில் நீங்கள் பார்க்கும் ஒளியில் மூன்று பங்குகள் கலந்திருக்கும்: உண்மையான ஃப்ரெட், வழங்கியின் உமிழ்வு வால் அந்தப் பக்கம் கசிவது, கிளர்த்தும் ஒளியை ஏற்பி நேரடியாக உறிஞ்சி ஒளிர்வது. வழங்கி மட்டும் உள்ள மாதிரி, ஏற்பி மட்டும் உள்ள மாதிரி, இரண்டும் உள்ள மாதிரி என மூன்றையும் ஒரே கருவி அமைப்பில், அதே செறிவில் எடுத்தால்தான் பின்னிரண்டையும் கழிக்க முடியும்.

நுண்ணோக்கியில் இன்னொரு நேரடியான சோதனை இருக்கிறது. வலுவான ஒளியால் ஏற்பியை மட்டும் வெளுக்கச் செய்துவிட்டு வழங்கியைப் பாருங்கள். முன்பு ஃப்ரெட் இருந்திருந்தால் இப்போது வழங்கி பிரகாசமாகும். திரும்பச் செய்ய முடியாத சோதனை என்பதால் எல்லா அளவீடுகளும் முடிந்தபின் கடைசியில் செய்யுங்கள்.

கணக்குல மூணில் ரெண்டுன்னு ஒரு எண் வருதே, அது எங்கிருந்து வருது?

ஃபர்ஸ்டர் தூரத்தைக் கணக்கிடும்போது, இருமுனைகள் எந்தத் திசையில் நிற்கின்றன என்பதைக் குறிக்கும் காரணி அது. 0 முதல் 4 வரை இருக்கலாம். வழங்கியும் ஏற்பியும் கிளர்வு ஆயுளுக்குள் எல்லாத் திசையிலும் தாராளமாகச் சுழன்றால் சராசரி மூன்றில் இரண்டு. நெகிழ்வான இணைப்பில் தொங்கும் சிறு சாயங்களுக்கு இது நியாயமான ஊகம். ஒளிர்புரதங்கள் பெரியவை, அந்தச் சில நானோவினாடிகளில் பெரிதாகச் சுழல்வதில்லை, அதனால் அங்கே இது சரியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

தூரம் கணக்கிடும்போது ஆறாம் மூலம் எடுப்பதால் பிழை சுருங்கும். உண்மையான காரணி 4 ஆக இருந்தாலும் தூரத்தில் 35 சதவீதம்தான் வித்தியாசம். காரணி 0-வை நெருங்கினால்தான் ஆபத்து: பக்கத்திலேயே இருந்தும் ஃப்ரெட் வராது. உணரியாகப் பயன்படுத்துபவர்களுக்கு ஆறுதலான செய்தி, அவர்களுக்குத் தூரமே தேவையில்லை. தெரிந்த செறிவுகளை வைத்து அளவுத்திருத்தம் செய்துவிட்டால் போதும்.

ரத்தம், கலங்கல் தண்ணி மாதிரி மாதிரிகள்ல எல்லாமே தானா ஒளிருதே. என்ன செய்ய?

நேரத்தைப் பயன்படுத்துங்கள். டெர்பியம், யூரோப்பியம் கூட்டுச்சேர்மங்கள் மில்லிவினாடி அளவுக்கு ஒளிர்ந்துகொண்டிருக்கும், பின்னணி ஒளிர்வோ நானோவினாடிகளில் அடங்கிவிடும். துடிப்பு ஒளியைப் பாய்ச்சி, சில பத்து மைக்ரோவினாடிகள் காத்திருந்து அளந்தால் பின்னணி போய்விட்டிருக்கும். இவற்றை வழங்கியாக வைத்தால் ஏற்பியும் அந்த நீண்ட ஆயுளோடு ஒளிரும். சாதாரணமாக நானோவினாடியில் அணையும் சாயம் இவ்வளவு நேரம் கழித்தும் ஒளிர்கிறது என்றால் ஆற்றல் வழங்கியிடமிருந்துதான் வந்திருக்க வேண்டும். மருந்து ஆய்வில் ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதிக்கும் இடங்களில் இந்த முறை நிலைத்துவிட்டது.

உணரியைத் திரும்பப் பயன்படுத்தலாமா?

பிணைப்பு மீளக்கூடியதா என்பதைப் பொறுத்தது. கேமலியான் கால்சியத்தை விட்டுவிட்டுப் பழைய நிலைக்கு வரும். வெட்டப்பட்ட பெப்டைடு வராது. பாதரச உணரிகளில் சில, கந்தகம் உள்ள குழுவிலிருந்து கந்தகத்தைப் பாதரசம் பிடுங்கிக்கொள்ளும் வினையில் இயங்குபவை. அவை ஒருமுறைக்குத்தான். அதில் தவறொன்றும் இல்லை, ஆனால் அப்படிப்பட்டவற்றில் காத்திருக்கும் நேரமும் விடையின் ஒரு பகுதி. ஐந்து நிமிடத்தில் எடுத்ததையும் ஒரு மணி நேரத்தில் எடுத்ததையும் ஒப்பிடக்கூடாது.

விகிதம் நல்லா மாறுது, ஆனா வழங்கியோட ஆயுள் மாறவே இல்லை. இதுக்கு என்ன அர்த்தம்?

மூன்று வாய்ப்புகள். ஒன்று, மேலே சொன்ன மறு உறிஞ்சல். கரைசலை நான்கு மடங்கு நீர்த்துப் பாருங்கள், பிணைப்பு கலையாத உணரியில் விகித மாற்றமும் சேர்ந்து சுருங்கினால் அதுதான் காரணம். இரண்டு, ஏற்பியின் ஒளிரும் திறன் மட்டும் மாறியிருக்கலாம். பி.எச். மாறி ஏற்பி மங்கினால், அது வாங்கும் ஆற்றல் அப்படியே இருந்தாலும் விகிதம் விழும். ஏற்பியை நேரடியாகக் கிளர்த்தி அளந்தால் இது வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது கொஞ்சம் நுட்பமானது, உண்மையான ஃப்ரெட்டாகவே இருக்கும். மாதிரியில் ஒரு பகுதி மூலக்கூறுகள் முழுக்கத் தாவும் நிலையிலும், மீதி தாவவே தாவாத நிலையிலும் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முழுக்கத் தாவும் வழங்கிகள் ஃபோட்டானே தருவதில்லை. ஆயுள் அளவீட்டில் கணக்கில் வருபவை தாவாதவை மட்டும், அவற்றின் ஆயுள் இயல்பாகவே இருக்கும். மொத்த ஒளி குறைந்திருக்கும், ஆயுள் அசையாமல் நிற்கும். இதைப் பிரித்தறிய ஏற்பியின் கிளர்வு நிறமாலையைப் பாருங்கள்: வழங்கியின் பட்டை அதில் இருந்தால் மூன்றாவது வாய்ப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் நீர்த்த கரைசலில் எடுத்த நிறமாலையாக இருக்க வேண்டும், ஏனென்றால் மறு உறிஞ்சலும் அதே பட்டையைக் கொண்டுவரும்.